பழைய போலீஸ் கார் ஏலம்: கிரவுன் விக், சார்ஜர், கேப்ரிஸ், எக்ஸ்ப்ளோரர் – யாருக்கு எது சரி?

அமெரிக்காவில் வருமான வரி ரீஃபண்ட் கைக்கு வரும் மாதங்களில் நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி தவறாமல் வரும். "போலீஸ் சார்ஜர் ஒண்ணு நாலாயிரம் டாலர்ல நிக்குது, எடுத்துரலாமா?" இன்னொருவர் ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் (சுருக்கமாக கிரவுன் விக்) படத்தை அனுப்புவார். இரண்டு பிள்ளைகள் இருப்பவர் எக்ஸ்ப்ளோரரைக் காட்டுவார். மூன்று பேரும் கேட்பது மாடலைப் பற்றித்தான்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

நியாயமான கேள்விதான். நகராட்சி, கவுன்ட்டி, மாநிலக் காவல்துறை என எல்லோரும் ஓய்வு கொடுத்த வண்டிகளை கவ்டீல்ஸ், பப்ளிக் சர்ப்ளஸ், முனிசிபிட் போன்ற இணைய ஏலங்களில் விற்கிறார்கள். மத்திய அரசு வண்டிகளுக்கு ஜிஎஸ்ஏ ஏலம் தனியாக இருக்கிறது. காலம் தவறாமல் ஆயில் மாற்றிய வண்டி, கனமான பிரேக், தடித்த சஸ்பென்ஷன், ஆயிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனிக் கூலர். இதெல்லாம் சந்தை விலைக்கு வெகு கீழே கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் ஒரே மாடலில், ஒரே வருடத்தில், ஒரே மைலேஜில் இரண்டு போலீஸ் வண்டிகளை அக்கம்பக்கமாக நிறுத்தினால், ஒன்று இன்னும் பத்து வருடம் ஓடும், மற்றது மூன்று மாதத்தில் பணத்தையெல்லாம் தின்றுவிடும். அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு மாடலுக்கு வருவோம்.

## மாடலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நின்றபடி ஓடிய நேரம். ரோந்து வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ரேடியோ, லேப்டாப், விளக்கு, ஏசி எல்லாம் ஓட வேண்டும் என்பதால் எஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். ஓடோமீட்டர் அசையாது, எஞ்சின் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேர ஐட்லிங் ஏறக்குறைய 33 மைல் ஓட்டத்துக்குச் சமம் என்பது ஃபோர்டு தரும் கணக்கு. ஓடோமீட்டரில் 90,000 மைல், ஐட்லிங் 4,000 மணி நேரம் என்று வையுங்கள். 1,32,000 மைலைச் சேர்த்தால் அந்த எஞ்சினுக்கு வயது 2,22,000 மைல். 2006-லிருந்து வந்த கிரவுன் விக் இன்டர்செப்டரில் (போலீஸுக்கென்று செய்த வகை) மீட்டரிலேயே மணிக்கணக்கு உண்டு. போலீஸ் எக்ஸ்ப்ளோரரில் மொத்த எஞ்சின் நேரம், ஐட்லிங் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஏலப் பக்கத்தில் அந்த எண் இல்லையென்றால், பக்கத்தில் கொடுத்திருக்கும் தொடர்பு எண்ணில் கூப்பிட்டு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள். மணிக்கணக்கு தெரியாமல் போலீஸ் வண்டி வாங்குவது, சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவது போல.

யார் கையில் இருந்தது. இதை நிறைய பேர் கேட்பதே இல்லை. ஒரே அதிகாரிக்கு ஒதுக்கி, அவர் வீட்டுக்கே எடுத்துப் போன வண்டி ஒரு ரகம். மூன்று ஷிஃப்டிலும் ஆள் மாறி மாறி உட்கார்ந்து, சீட் ஆறாமலே ஓடிய வண்டி இன்னொரு ரகம். முதல் ரகத்தில் உள்ளே குப்பைகூட இருக்காது. சின்னச் சத்தம் வந்தாலும் அந்த அதிகாரி அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பார். துப்பறிவாளர்களும் மேலதிகாரிகளும் ஓட்டிய வண்டிகளில் கம்பித் தடுப்பு இருக்காது, வெட்டிய வயரும் குறைவு. நெடுஞ்சாலை ரோந்தில் இருந்த வண்டிக்கு மைல் அதிகம், நின்ற நேரம் குறைவு. நகரத்துக்குள் 80,000 மைல் ஓடியதைவிட நெடுஞ்சாலையில் 1,20,000 மைல் ஓடியதையே நான் எடுப்பேன். போலீஸ் நாய் ஏறிய வண்டி என்றால், அந்த வாசனையோடு எத்தனை நாள் இருக்க முடியும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய விதம். விளக்கு, சைரன், ரேடியோ, கம்பித் தடுப்பு, துப்பாக்கி தாங்கி, லேப்டாப் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் ஏலத்துக்கு அனுப்புவார்கள். சில துறைகள் வயரை நுனிவரை உருவி எடுத்து, ஓட்டைகளை அடைத்து அனுப்பும். சில இடங்களில் கத்தரியை வைத்து ஒரே வெட்டு. டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு தலையை விட்டுப் பாருங்கள். மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வயர்க்கட்டு, நுனியில் செம்பு பளபளக்க, டேப் கூடச் சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த வண்டிக்கு உங்கள் உச்ச விலையிலிருந்து ஆயிரம் டாலரைக் கழித்துவிடுங்கள். அதில் பாதி வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது.

பாகமும் கையும். பாகம் எங்கே கிடைக்கும், அதை மாட்டுவது நீங்களா மெக்கானிக்கா? ஷெட்டில் ஒரு மணி நேரக் கூலி 150 டாலரைத் தொடும் ஊர்களில், சொந்தக் கையால் செய்ய முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் ஒரே வண்டி சரிப்பட்டு வராது.

மொத்தச் செலவு ஐந்தாவது அளவுகோல். அதைக் கடைசியில் கணக்குப் போட்டே பார்ப்போம்.

## ஒரு பார்வையில்

| வண்டி | அமைப்பு | பாகம் | பெரிய பயம் |
|---|---|---|---|
| கிரவுன் விக் இன்டர்செப்டர் | 4.6 லிட்டர் வி8, பின் சக்கர ஓட்டம், பாடிக்கு அடியில் தனிச் சட்டம் (ஃபிரேம்) | மலிவு, பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும் | வயது, அடிச்சட்டத் துரு |
| சார்ஜர் பர்சூட் | 5.7 லிட்டர் ஹெமி வி8 அல்லது 3.6 லிட்டர் வி6 | எளிதில் கிடைக்கும், விலை நடுத்தரம் | வி8 லிஃப்டரும் கேம்ஷாஃப்ட்டும் |
| கேப்ரிஸ் பிபிவி (போலீஸ் ரோந்து வகை) | 6.0 லிட்டர் வி8 அல்லது 3.6 லிட்டர் வி6, பின் சக்கர ஓட்டம் | எஞ்சின் பாகம் சுலபம், பாடி பாகம் கஷ்டம் | ஒரு சின்ன விபத்து |
| எக்ஸ்ப்ளோரர், 2013–2019 | 3.7 லிட்டர் வி6 அல்லது 3.5 லிட்டர் டர்போ, நான்கு சக்கர ஓட்டம் | தாராளம் | எஞ்சினுக்குள் இருக்கும் வாட்டர் பம்ப் |

## கிரவுன் விக்டோரியா: கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி இல்லை

கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து கடைசி கிரவுன் விக் 2011 செப்டம்பர் 15 அன்று வெளியே வந்தது. அதனால் இன்றைக்கு ஏலத்துக்கு வரும் எதுவும் இளைய வண்டி இல்லை. காவல்துறைகளின் கையிலும் மிச்சம் குறைவு. சின்ன ஊர்கள், சிறைத்துறை, பல்கலைக்கழகக் காவல் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது.

இருந்தாலும் இதன்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. தனிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்த பாடி, முன்னால் வி8, பின்னால் முழு ஆக்ஸில், நாலு கியர் ஆட்டோமேட்டிக். 2004-லிருந்து 250 குதிரைத்திறன். இன்றைய சராசரி குடும்ப காரே அதைத் தொட்டுவிடும். வேகத்துக்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்தால் கை உள்ளே போகும், அதுதான் விஷயம். ஆல்டர்னேட்டர் எஞ்சினின் தலைமேலேயே இருக்கிறது. மாற்ற ஒரு மணி நேரம் ஆகாது. மெர்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் இரண்டும் இதன் உடன்பிறப்புகள் என்பதால் பழைய வண்டி உடைக்கும் இடங்களில் பாகத்துக்குப் பஞ்சமே இல்லை.

வாங்குவதானால் 2003-க்குப் பிந்தையதை மட்டும் பாருங்கள். அந்த வருடம்தான் முன்பக்கச் சட்டத்தையும் ஸ்டீயரிங் அமைப்பையும் புதிதாக மாற்றினார்கள். 2006-க்குப் பிந்தையது என்றால் மணிக்கணக்கும் கிடைக்கும். உண்மையான இன்டர்செப்டர்தானா என்று அறிய வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) பாருங்கள்: பி71 என்று இருக்கும், 2010-லிருந்து பி7பி. சாதாரண கிரவுன் விக்கின்மேல் கறுப்பு வெள்ளை அடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

1996 முதல் 2001 வரையான வண்டிகளில் எஞ்சின் மேலிருக்கும் பிளாஸ்டிக் இன்டேக் விரிசல் விட்டு கூலன்ட் கசியும். ஃபோர்டு அதற்காக வழக்கையே சந்தித்தது. அந்தக் கால வண்டி கைக்கு வந்தால் முன் குறுக்குக் குழாய் அலுமினியமாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்த வருடமானாலும் ஹெட்லைட் திடீரென்று அணையும் புகாரைப் பற்றி விசாரியுங்கள். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் சால்டர் விட்டுப்போவதே பெரும்பாலும் காரணம். சால்டரிங் தெரிந்தவர் செலவில்லாமல் சரிசெய்துவிடலாம்.

ஒஹாயோ, மிச்சிகன், நியூயார்க் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த ஊர் வண்டி என்றால் அடியில் படுத்துப் பார்க்காமல் ஏலம் கேட்காதீர்கள். துருப்பிடித்த சட்டத்தை மட்டும் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

## டாட்ஜ் சார்ஜர் பர்சூட்: வி6-ஐத் தேடுங்கள்

ஏலத்தில் விலை ஏறுவது இதற்குத்தான். 2006-லிருந்து போலீஸ் வடிவத்தில் வந்தது. 2011-க்குப் பிந்தைய ஹெமி வி8-க்கு 370 குதிரைத்திறன். இளைஞர்கள் அந்த எண்ணுக்காகவே முட்டி மோதி விலையை ஏற்றுவார்கள்.

அந்த வி8-இல் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, மெதுவாகப் போகும்போது நாலு சிலிண்டரை அணைத்துவைக்கும் ஏற்பாடு உண்டு. லிஃப்டரின் (கேம்ஷாஃப்ட் தள்ள, வால்வைத் திறக்கும் பாகம்) உருளை தேய்ந்து கேம்ஷாஃப்ட்டைச் சுரண்டும் பழுது ஹெமி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஐட்லிங்கில் ஆயில் அழுத்தமும் தெளிப்பும் குறைவு என்பதால் மணிக்கணக்கில் நின்ற போலீஸ் வண்டியில் அபாயம் கூடுதல். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்து சூடானதும் நின்றுவிட்டால் அது எக்ஸாஸ்ட் போல்ட் உடைந்ததாக இருக்கலாம், பெரிய செலவில்லை. சூடான பிறகும் சத்தம் தொடர்ந்து, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் கோடும் இருந்தால் விலகிவிடுங்கள். ஷெட்டில் விட்டு லிஃப்டரும் கேம்ஷாஃப்ட்டும் மாற்ற மூவாயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

3.6 லிட்டர் வி6 சார்ஜர் 292 குதிரைத்திறன் தருகிறது. பெரும்பாலோருக்கு அதுவே அதிகம். சிலிண்டர் அணைக்கும் ஏற்பாடு இதில் இல்லை, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், ஏலத்தில் போட்டியும் குறைவு. வேலைக்குப் போய்வர ஒரு சார்ஜர் வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

வி8, வி6 இரண்டிலும் முன் சஸ்பென்ஷன் புஷ்கள் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையிலேயே கழித்துவிடுங்கள். போலீஸ் சார்ஜரில் கியர் லீவர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ரேடியோ கன்சோலைப் பிடுங்கியதும் அங்கே ஒரு பள்ளமும் நாலைந்து ஓட்டைகளும்தான் மிஞ்சும். அப்புறம் ஏர்பேக். 2005 முதல் 2010 வரையான சார்ஜர் உள்ளிட்ட வண்டிகளை டக்காட்டா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக்கை மாற்றும்வரை ஓட்டவே கூடாது என்று 2022 நவம்பரில் தயாரிப்பாளரே அறிவித்தார். மாற்றுவது இலவசம். வின் நம்பரைப் போட்டு ரீகால் (தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது எந்த வண்டிக்கும் கட்டாயம். இந்த வண்டிக்கு உயிர்ப் பிரச்சினை.

## செவர்லே கேப்ரிஸ் பிபிவி: ஆசைக்காக வாங்குபவருக்கு

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முகம் நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கே ஓடிய கேப்ரிஸும் இதே குடும்பம்தான். தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத் நகரில் ஹோல்டன் ஆலையில் செய்து, 2011 முதல் 2017 வரை அமெரிக்கக் காவல்துறைகளுக்கு மட்டும் விற்றார்கள். பொதுமக்களுக்கு ஷோரூமில் கிடைக்கவே இல்லை. 6.0 லிட்டர் வி8, 355 குதிரைத்திறன், பின் சீட்டில் கால் நீட்டி உட்கார இடம். நான்கு வண்டிகளில் ஓட்டுவதற்கு இனிமையானது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற வண்டிகளோடு பங்கு என்பதால் அவற்றுக்குப் பாகம் கிடைக்கும். பாடி பாகம்தான் பாடு. அந்த ஆலை 2017 அக்டோபரில் மூடப்பட்டது. பின் கதவு, டெயில் லைட், முன் பம்பர் இவற்றில் ஒன்று உடைந்தாலும் வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போனாலே போதும், வண்டியின் விலையைவிடப் பழுதுச் செலவு அதிகம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். இந்த வி8-இலும் சிலிண்டர் அணைக்கும் ஏற்பாடு உண்டு. லிஃப்டரைப் பற்றி ஹெமிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வீட்டில் வேறு வண்டி இருக்கிறது, இது ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒரே வண்டியாக வேண்டாம்.

## ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்: குடும்ப வண்டிதான், ஆனால் ரசீதைக் கேளுங்கள்

இப்போது ஏலத்தில் குவிவது 2013 முதல் 2019 வரையான போலீஸ் எக்ஸ்ப்ளோரர்கள். 3.7 லிட்டர் வி6, 304 குதிரைத்திறன், நான்கு சக்கர ஓட்டம். பனி கொட்டும் ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஈர்ப்பு.

இந்த எஞ்சினின் வாட்டர் பம்ப் வெளியே பெல்ட்டில் ஓடுவதில்லை. எஞ்சினுக்குள்ளே, டைமிங் செயினால் சுழல்கிறது. சீல் போனால் முதலில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கூலன்ட் கசியும். அதை யாரும் கவனிக்காமல் விட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்து எஞ்சினே போய்விடும். பம்ப் மாற்றுவதென்றால் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். இரண்டாயிரம் டாலருக்குக் குறையாது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். பம்ப் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்று பராமரிப்புப் பதிவேடு சொன்னால், அந்த வண்டிக்கு ஐந்நூறு டாலர் கூடுதலாகக் கேட்கத் தயங்காதீர்கள். பின் சக்கரங்களுக்கு விசை பிரித்து அனுப்பும் பெட்டியும் இதில் சூடாகிக் கசியும் இடம். அதன் ஆயிலை வாங்கிய உடனே மாற்றிவிடுங்கள்.

ஓட்டை விஷயம் இந்த வண்டியில் வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 2017 ஜூலையில் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின் நகரக் காவல்துறை ஏறக்குறைய 400 எக்ஸ்ப்ளோரர்களை ரோந்திலிருந்து எடுத்துவிட்டது. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு வருகிறது என்பது புகார். போலீஸ் உபகரணங்கள் மாட்டத் துளைத்துச் சரியாக அடைக்காமல் விட்ட பின்பக்க ஓட்டைகள் வழியாகப் புகை உள்ளே வருகிறது என்று ஃபோர்டு சொல்லி, தன் செலவில் சீல் செய்து கொடுத்தது. பின் இருக்கையில் குழந்தைகளை உட்கார வைக்கப் போகிற வண்டி இது. டிக்கி கதவைச் சுற்றியும் தரையிலும் உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்த பிறகு, ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வண்டியில் வைத்துச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் பின் சீட் போட்ட வண்டி என்றால் குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகள் இருக்கின்றனவா என்பதையும் ஏலத்துக்கு முன்பே கேளுங்கள்.

செவர்லேயின் இம்பாலாவும் டாஹோவும் ஏலத்துக்கு வரும். இம்பாலா முன் சக்கர ஓட்டம், மலிவு, பரபரப்பு இல்லாத வண்டி. 2000 முதல் 2005 வரையானவற்றில் இருந்த 3.8 லிட்டர் வி6 நீண்ட நாள் உழைக்கும். டாஹோவுக்கு எல்லோரும் போட்டி போடுவதால் ஏலத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

## போலீஸ் வண்டியே வேண்டுமா?

அதே பணத்துக்கு ஒரு மெர்குரி கிராண்ட் மார்க்கியைத் தேடிப் பாருங்கள். உள்ளே கிரவுன் விக்கின் அதே எஞ்சின். ஓட்டியது பெரும்பாலும் வயதானவர்கள். ஐட்லிங் இல்லை, ஓட்டை இல்லை, வெட்டிய வயர் இல்லை, பின் சீட் மெத்தென்று இருக்கும். தடித்த சஸ்பென்ஷனும் கூடுதல் கூலர்களும் இருக்காது. தினசரி ஓட்டத்துக்கு அவை தேவையும் இல்லை.

இங்கே புதிதாகப் படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கையில் இருக்கும் மூவாயிரம் நாலாயிரம் டாலர்தான் மொத்தச் சேமிப்பு, அந்த வண்டியில்தான் வகுப்புக்கும் வேலைக்கும் போக வேண்டும் என்றால் ஏலப் பக்கமே போகாதீர்கள். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், திருப்பிக் கொடுக்க முடியாது, டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) வர வாரக்கணக்கில் ஆகலாம். பழைய கொரோலா ஒன்றை மெக்கானிக்கிடம் காட்டி வாங்குங்கள். போலீஸ் கார் ஆசையை வேலை கிடைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

## ஏல விலைக்கு மேலே ஏறுபவை

மூவாயிரம் டாலருக்கு உங்கள் பேரில் ஏலம் முடிகிறது என்று வைப்போம். ஏல நிறுவனத்தின் கமிஷன் 10 முதல் 12.5 சதவீதம் வரை இருக்கும். அது 375 டாலர். டெக்சஸ் என்றால் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம், சுமார் 200 டாலர். ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றால் டோயிங். நூறு மைல் தூரத்துக்கு முந்நூறு, நானூறு ஆகும். வேகத்துக்கென்று தரச்சான்று பெற்ற போலீஸ் டயர் நாலும் மாற்ற 600 முதல் 800. பேட்டரி, பிரேக் பேட், டிஸ்க், எல்லா ஆயிலும் மாற்ற இன்னொரு 600, அதுவும் நீங்களே செய்தால். பழைய பின் சீட்டும் தரை விரிப்பும் 200. ஒரு பழுதும் இல்லாத வண்டிக்கே 5,200 டாலரை நெருங்கிவிட்டீர்கள்.

அதனால் உச்ச விலையைக் கணக்கிடும்போது பின்னாலிருந்து வாருங்கள். உங்களால் மொத்தம் 6,000 செலவழிக்க முடியும் என்றால் ஏலத்தில் 3,000-ஐத் தாண்டாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் விலை ஏறும்போது கை பரபரக்கும். அடுத்த வாரம் வேறு வண்டி வரும். காவல்துறைகள் வண்டி விற்பதை நிறுத்தப் போவதில்லை.

காகிதத்தையும் பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் டைட்டிலிலேயே முன்னாள் போலீஸ் வண்டி என்ற முத்திரை விழும். திரும்ப விற்கும்போது விலையை இழுக்கும். ஜிஎஸ்ஏ ஏலத்தில் டைட்டிலுக்குப் பதிலாக எஸ்எஃப் 97 என்ற படிவம் தருவார்கள்; அதைக் கொண்டுபோய் உங்கள் மாநிலத்தில் டைட்டில் வாங்க வேண்டும். வின் நம்பரைக் கொடுத்து இன்சூரன்ஸ் தொகையையும் ஏலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

## வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை வயர். வாங்கிய வாரமே பேட்டரி இறங்கினால் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். நெகட்டிவ் முனையைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் இணையுங்கள். கதவுகளை மூடிவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். வண்டியின் கணினிகள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் நல்லது. 400 காட்டினால் அந்தக் கசிவே ஒரு வாரத்துக்குள் பேட்டரியை வற்றவைத்துவிடும். போலீஸ் உபகரணங்களுக்கென்று தனி ஃபியூஸ் பெட்டி ஒன்று டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் தடித்த வயரைக் கழற்றியதும் எண் சரிந்தால் வேலை முடிந்தது. அந்த வயரை மடக்கி டேப் சுற்றி விடாமல், முழுதாக உருவி எடுத்துவிடுங்கள். உலோகத்தில் உரசித் தோல் போனால் தீப்பிடிக்கும் வயர் அது.

கூரையில் ஆன்டெனா இருந்த இடங்களில் ரப்பர் மூடியைச் சொருகி, சுற்றிலும் யூரிதேன் பசை பூசுங்கள். வெறும் சிலிக்கான் இரண்டு கோடைக்குத் தாங்காது.

சிவப்பு, நீல விளக்கு எங்காவது மிச்சம் இருந்தால் சாலையில் இறக்குவதற்கு முன் கழற்றுங்கள். கலிஃபோர்னியாவில் ரோந்து வண்டி போலப் பெயின்ட் அடித்த காரை வைத்திருப்பதே வாகனச் சட்டம் 27605-ஆம் பிரிவின்படி குற்றம். மற்ற மாநிலங்களிலும் போலீஸ் என்று மற்றவர் நம்பும்படி வண்டி இருந்தால் சிக்கல்தான். வெள்ளை ஒளி தரும் பக்க விளக்கைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. உங்கள் மாநிலத்தில் விசாரித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளைத் துறையே உரித்து அனுப்பியிருக்கும். ஆனாலும் வெயில் படாத இடத்தில் பெயின்ட் பளிச்சென்று இருப்பதால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் போலீஸ் என்ற எழுத்து நிழலாகத் தெரியும். காம்பவுண்ட் போட்டு மெஷினில் பாலிஷ் செய்தால் பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் அந்தக் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டும், அல்லது அதே நிறத்தில் வேறு கதவு. கிரவுன் விக்குக்கு உடைப்புக் கடையில் நூறு டாலருக்குள்ளேயே கதவு தேறும். அப்படிக் கதவு தேடப் போகும்போது, பின் கதவின் உள்பக்கக் கைப்பிடிக் கம்பியையும் கண்ணாடி ஸ்விட்சையும் சேர்த்தே கழற்றி வாருங்கள். போலீஸ் வண்டியின் பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி அவற்றைத்தான் எடுத்திருப்பார்கள்.